அலை இல்லாத நாளில் கவிழும் படகு

2013 மே 5, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பேட்ஸ்டோ என்னும் சிற்றூர். அதை ஒட்டிய கேமல் ஆற்றின் கழிமுகத்தில் ஒரு குடும்பம் விசைப்படகில் உலாப் போயிற்று. விடுமுறை வார இறுதி. நல்ல வெயில், கரையெல்லாம் கூட்டம். எட்டு மீட்டர் நீளமுள்ள அந்தப் படகு வேகமாகத் திரும்பும்போது ஒரு வெட்டு வெட்டியதில், அதிலிருந்த ஆறு பேரும் தண்ணீரில் தூக்கி எறியப்பட்டார்கள். ஆளில்லாத படகு நிற்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, வட்டமடித்து வந்து, நீரில் தத்தளித்தவர்கள் மீதே ஏறியது. தந்தையும் எட்டு வயது மகளும் இறந்தார்கள். தாயும் மகனும் படுகாயம் அடைந்தார்கள். வேறொரு படகில் வந்த ஒருவர் துணிந்து அந்தப் படகுக்குள் தாவி எஞ்சினை நிறுத்திய பிறகுதான் அது அடங்கியது.

பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு தந்த அறிக்கை சுட்டிக்காட்டிய குறைகளில் முதன்மையானது ஒரு சுருள் கயிறு பற்றியது. கயிற்றின் ஒரு முனை எஞ்சினின் நிறுத்து விசையில் இருக்கும். மறு முனை ஓட்டுபவரின் தொடையிலோ இடுப்பிலோ இருக்க வேண்டும். ஆள் விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் அணைந்துவிடும். அன்று கயிறு படகில் இருந்தது. யார் உடம்பிலும் மாட்டப்பட்டிருக்கவில்லை.

படகு ஏன் நேராக ஓடிப் போகாமல் திரும்பி வருகிறது? தண்ணீரில் சுழலும் புரொப்பெல்லர் படகை முன்னுக்குத் தள்ளுவதோடு, எஞ்சினைப் பக்கவாட்டிலும் முறுக்கப் பார்க்கும். சுக்கான் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைதான் அந்த முறுக்கத்தைத் தடுத்து நிறுத்துகிறது. கை விலகியதும் எஞ்சின் ஒரு பக்கமாகத் திரும்பி அங்கேயே முட்டி நிற்கும். படகு குறுகிய வட்டத்தில் சுற்றத் தொடங்கும். ஓட்டுபவர் விழுந்த இடம் பெரும்பாலும் அந்த வட்டத்தின் மீதோ அதற்குள்ளோதான் இருக்கும். மூன்று இதழ் கொண்ட புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 3,200 முறை சுற்றினால், நொடிக்கு 160 வெட்டு. கணக்கு அவ்வளவுதான், மேலே விவரிக்கத் தேவையில்லை.

அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1 முதல், 26 அடிக்குக் குறைந்த விசைப்படகுகளை வேகமாக ஓட்டும்போது இந்த நிறுத்து விசையை உடலோடு இணைத்திருப்பது கட்டாயம். ஆனாலும் புதிதாகப் படகு வாங்குபவர்கள் கயிற்றைச் சக்கரத்தின் மீது சுற்றி வைக்கிறார்கள், அல்லது பெட்டிக்குள் போடுகிறார்கள். நடமாட இடைஞ்சலாக இருக்கிறதாம். ஓட்டுபவர் மாறும்போது கயிறும் கை மாற வேண்டும் என்பது இன்னும் எளிதில் மறந்துபோகும். முதலில் எஞ்சினை நிறுத்துவது, பிறகு இடம் மாறுவது, கயிற்றை மாட்டிக்கொண்டு மீண்டும் கிளப்புவது என்ற வரிசையைப் பழகிவிட்டால் மறக்க வழியில்லை. மாட்டியிருந்தால் போதாது, அது வேலை செய்கிறதா என்பதையும் துறையை விட்டுக் கிளம்புமுன் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும்.

கடல் என்றாலே புயலும் மலைபோன்ற அலையும்தான் பழகாதவர் நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஆண்டுதோறும் வெளியிடும் பொழுதுபோக்குப் படகு விபத்துக் கணக்குகளைப் பார்த்தால், விபத்துகளில் பெரும்பகுதி அமைதியான நீரில், மெல்லிய காற்றில், கண்ணுக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும் பகலில் நடந்தவை. நல்ல வானிலையில்தான் அதிகம் பேர் படகை எடுக்கிறார்கள் என்பது அதற்கு ஒரு காரணம். நல்ல வானிலையில்தான் சின்ன விஷயங்கள் கண்ணுக்குத் தப்புகின்றன என்பது இன்னொன்று.

அந்தச் சின்ன விஷயங்களில் ஒன்று படகு தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. டிரெய்லரில் வைத்து இழுத்துச் செல்லும் படகுகளின் பின்சுவரில், அடிமட்டத்தை ஒட்டி ஒரு துளை இருக்கும். படகில் வேண்டுமென்றே துளையா என்று கேட்கத் தோன்றும். மழைநீரும் ஓட்டத்தின்போது உள்ளே தெறித்த நீரும், படகு கரையேறிய பின் வடிந்துபோக அது தேவை. இறக்குமுன் அதில் அடைப்பானைத் திருகி மூட வேண்டும். மூட மறந்து படகை இறக்குவது, இந்தக் கலையில் நுழைபவர்கள் செய்யும் பிழைகளில் மிகப் பழையது. பழகியவர்களையும் அது விடுவதில்லை.

மறதிக்குச் சட்டமும் ஒரு வகையில் துணை நிற்கிறது. மின்னசோட்டா மாநிலத்தில் படகைப் பொதுச்சாலையில் இழுத்துச் செல்லும்போது அடைப்பானைக் கழற்றியே வைத்திருக்க வேண்டும் என்பது விதி. காரணம் ஒரு சிப்பி. கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்தைச் சேர்ந்த வரிச்சிப்பி 1988-இல் வட அமெரிக்கப் பேரேரிகள் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. சரக்குக் கப்பல்களின் நிலைநீரில் கலந்து வந்த இந்த விருந்தாளி, நீரேற்றுக் குழாய்களை அடைத்து, உள்ளூர்ச் சிப்பிகளை நசுக்கி, ஏரிக்கு ஏரி பரவியது. கண்ணுக்குத் தெரியாத அதன் இளவுயிரிகள் படகின் அடியில் தேங்கிய நீரிலேயே அடுத்த ஏரிக்குப் பயணம் போய்விடும். ஆகவே ஒரு சொட்டு விடாமல் வடித்துவிட்டு வா என்கிறது அரசு. துளையைத் திறந்து வைத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்து சேர்பவர், குழந்தைகள் கத்த, பின்னால் வரிசையில் நிற்பவர் ஹாரன் அடிக்க, அதை மூட மறப்பதில் வியப்பில்லை. விவரமறிந்தவர்கள் வண்டிச் சாவியையும் அடைப்பானையும் ஒரே வளையத்தில் கோத்து வைத்துக்கொள்கிறார்கள்.

துளை சிறியதுதானே, என்ன ஆகிவிடும்? 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் டாரிசெல்லி கண்டுசொன்ன விதி இதற்கு விடை தருகிறது. நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே உள்ள துளை வழியே நீர் நொடிக்குச் சுமார் 2.4 மீட்டர் வேகத்தில் பாயும். துளையின் விட்டம் 25 மி.மீ. என்றால், நீர்த்தாரை துளையில் சுருங்குவதைக் கழித்த பிறகும், நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். பத்து நிமிடத்தில் 400 லிட்டர், அதாவது 400 கிலோ. சிறிய படகுகளில் இருக்கும் தானியங்கி நீரிறைப்பானின் திறன் பெரும்பாலும் மணிக்கு 2,000 லிட்டரை ஒட்டியே எழுதப்பட்டிருக்கும். அதுவும் நல்ல மின்கலமும் நேரான குழாயும் இருந்தால். துளையோடு போட்டி போட்டால் இறைப்பான் தோற்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. படகு வேகமாக ஓடும்போது பின்சுவருக்குப் பின்னால் நீர் விலகி, அங்கே அழுத்தம் குறையும். அப்போது திறந்த துளை வழியே நீர் உள்ளே வருவதற்குப் பதிலாக வெளியே வடியும். எனவே துளையை மூடாமல் கிளம்பியவருக்கு ஓடும்வரை எதுவும் தெரியாது. ஏரி நடுவே எஞ்சினை அணைத்துத் தூண்டிலை எடுத்த பிறகே கால் நனையும். இதையே மீட்புக்கும் பயன்படுத்தலாம்: படகு இன்னும் கனத்துப்போகவில்லை என்றால், வேகமெடுத்துக் கரைக்குத் திரும்புவது நின்று தவிப்பதைவிட மேல்.

படகை நீரில் இறக்கும் சாய்தளத்தில் வேறு பிழைகளும் உண்டு. படகைப் பிடித்திருக்கும் வார்ப்பட்டையைச் சக்கரங்கள் நீரைத் தொடுமுன்பே அவிழ்த்துவிட்டால், படகு கான்கிரீட்டில் வழுக்கி இறங்கிவிடும். நெடுஞ்சாலையில் ஓடி வந்த டிரெய்லரின் சக்கர அச்சு சூடாக இருக்கும். அதைச் சட்டென்று குளிர்ந்த நீரில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தண்ணீரை உறிஞ்சி இழுத்து, கிரீசைக் கெடுத்துவிடும். விளைவு அன்று தெரியாது. சில வாரம் கழித்து நடுச்சாலையில் சக்கரம் மாட்டிக்கொள்ளும். வந்ததும் ஓரமாக நிறுத்தி, பொருள்களை ஏற்றி, கயிறுகளைக் கட்டி, அடைப்பானை மூடிவிட்டுச் சாய்தளத்துக்கு வந்தால் அச்சும் ஆறியிருக்கும், பின்னால் நிற்பவரின் பொறுமையும் மிஞ்சும். பாசி படிந்த சாய்தளத்தில் கைப்பிரேக்கை மட்டும் நம்பி வண்டியை விட்டு இறங்குபவர்களின் வண்டிகள் படகோடு சேர்ந்து நீரில் இறங்குவதும் நடக்கிறது.

எஞ்சினை ஆர்வத்தில் கரையிலேயே கிளப்பிப் பார்ப்பவர்கள் ஒரு தனி இனம். பின்சுவரில் தொங்கும் அவுட்போர்டு எஞ்சினைக் குளிர்விப்பது படகு மிதக்கும் நீரேதான். நீரை உறிஞ்சும் பம்ப்பில் ரப்பர் இதழ் கொண்ட சிறு சக்கரம் இருக்கிறது. அதற்கு மசகும் அந்த நீரே. உலர்ந்த நிலையில் ஓடினால் அந்த ரப்பர் மிக விரைவில் தேய்ந்து கருகிவிடும். நீரில் ஓடும்போது எஞ்சினின் பின்புறம் மெல்லிய தாரையாக நீர் பீய்ச்சி அடிக்க வேண்டும்; அது நின்றுபோனால் பாசியோ மணலோ அடைத்திருக்கிறது என்று பொருள். உடனே அணைக்க வேண்டியதுதான்.

படகின் பின்பகுதியை நம் மீனவர்கள் அமரம் என்பார்கள், முன்பகுதியை அணியம். அலையைக் கிழிக்க அணியம் உயர்ந்தும் கூராகவும் இருக்கும். அமரத்தில் எஞ்சின் தொங்குவதால் அது தாழ்ந்தும் கனத்தும் இருக்கும். நீர் உள்ளே புக மிக எளிய வழி அதுவே. 2009 பிப்ரவரி 28 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நான்கு நண்பர்கள் 21 அடிப் படகில் மெக்சிகோ வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போனார்கள். இருவர் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரர்கள், நால்வருமே திடகாத்திரமானவர்கள். நிலம் கண்ணில் படாத தொலைவில் நங்கூரம் அடியில் சிக்கிக்கொண்டது. கையால் இழுத்தும் வரவில்லை. கயிற்றை அமரத்தில் கட்டி, எஞ்சினின் முழு வலுவால் இழுத்துப் பார்த்தார்கள். நங்கூரம் அசையவில்லை, அமரம் அமிழ்ந்தது. நீர் உள்ளே புகுந்து படகு தலைகீழானது. கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு கிடந்தார்கள். மார்ச் 2 அன்று கடலோரக் காவல்படை அங்கே போய்ச் சேர்ந்தபோது ஒருவர் மட்டும் உயிரோடு இருந்தார். மற்ற மூவரையும் குளிரும் களைப்பும் கொண்டுபோய்விட்டன.

மாநில அதிகாரிகளின் விசாரணையும் காரணமாகச் சொன்னது இதைத்தான். கயிறு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும்போது எஞ்சினின் தள்ளுவிசை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு அமரத்தைக் கீழே இழுக்கும் விசையும் கூடுகிறது. நங்கூரக் கயிறு எப்போதும் அணியத்தில்தான் கட்டப்பட வேண்டும். சிக்கிக்கொண்டால் வெட்டிவிட வேண்டும். நங்கூரத்தின் விலையை யோசிக்கிற நேரம் அதுவல்ல.

எடை எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தே படகின் நிலைத்தன்மை அமைகிறது. இதைக் கணிதமாக்கியவர் பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே. பூமியின் வடிவத்தை அளக்கத் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக்குப் போன குழுவில் அவர் ஒருவர். கடலை விட்டு வெகு உயரத்தில் இருந்துகொண்டு கப்பல் பற்றிய நூலை எழுதினார். அது 1746-இல் வெளிவந்தது. சாய்ந்த படகை மீண்டும் நிமிர்த்துகிற விசை, மிதப்பு மையத்தோடும் எடை மையத்தோடும் எப்படித் தொடர்பு கொண்டது என்பதை அவர் விளக்கினார். எடை மையம் உயர உயர நிமிர்த்தும் வலு குறையும். குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் அதே எடை படகைக் கவிழ்க்க வேலை செய்யும். எழுந்து நிற்பது, ஒரு பக்கமாக எல்லோரும் எட்டிப் பார்ப்பது, மேல்தளத்தில் கூடுவது எல்லாமே எடை மையத்தை நகர்த்தும் செயல்கள்தான்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்யகா என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தது தமிழகத்துக்கும் மறக்க முடியாத துக்கம். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்தபோது படகு சாய்ந்தது என்று அப்போது செய்திகள் வந்தன. பெரியாறு ஏரியில் அன்று புயல் எதுவும் இல்லை.  இயற்பியல் விதி சுற்றுலாப் படகுக்கும் சொந்தப் படகுக்கும் ஒன்றே. சிறிய படகில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு மேலோட்டமான கணக்கு சொல்வார்கள்: நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15-ஆல் வகுக்க வேண்டும். 15 அடி நீளம், 6 அடி அகலம் என்றால் ஆறு பேர். அதுவும் அமைதியான நீருக்கு. உள்ளே தேங்கிய நீரும் எடைதான். மனிதரைவிட மோசமான எடை. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடிச் சேர்ந்துகொள்ளும்.

இனி ஓட்டுவதற்கு வருவோம். சக்கரத்தைக் கண்டதும் கை காரை நினைத்துக்கொள்கிறது. கார் முன்சக்கரத்தால் திரும்பும், பின்பகுதி பின்தொடரும். படகில் திரும்புவது பின்னால் இருக்கும் எஞ்சின். சக்கரத்தை வலப்புறம் திருப்பினால் அமரம் இடப்புறம் வீசப்படும், அதன் விளைவாக அணியம் வலப்புறம் நோக்கும். துறையின் ஓரம் கிடக்கும் படகை, கார் நிறுத்துமிடத்திலிருந்து எடுப்பதுபோல ஒடித்து எடுப்பவரின் அமரம் துறைச்சுவரில் மோதுவது இதனால்தான். பிரேக்கும் கிடையாது. எதிர்விசை கொடுப்பது ஒன்றே வழி. அதைவிட முக்கியமானது, அவுட்போர்டு படகில் திராட்டிலைக் குறைத்து நியூட்ரலில் போட்டால் திருப்பும் வலுவும் போய்விடும். புரொப்பெல்லர் தள்ளும் நீர்தான் சுக்கான். பயந்துபோய் விசையை முற்றிலும் விட்டுவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றுபவரின் படகு நேராகவே போய் இடிக்கும்.

காற்றையும் நீரோட்டத்தையும் எதிர்கொண்டு துறையை அணுகினால் அவையே பிரேக்காக உதவும். முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு வருபவர், துறையில் நிற்பவர்களுக்கு இலவச வேடிக்கை காட்டுகிறார். வேடிக்கை எலும்பு முறிவில் முடிவதும் உண்டு: ஒன்றரை டன் படகு நடைவேகத்தில் வந்தாலும் அதைக் காலை நீட்டித் தடுக்க மனித உடலால் ஆகாது. மோதலைத் தாங்கும் மிதவையைப் படகின் பக்கத்தில் தொங்கவிட்டு, இடிப்பதை அதனிடம் விட்டுவிடுவதே நல்லது.

வேகத்திலும் ஒரு புதிர் இருக்கிறது. மெதுவாகப் போகும் படகு தன் அலையைத் தானே எழுப்பி, அதற்குள்ளேயே சிறைப்படும். அலையின் நீளமும் படகின் நீளமும் ஒன்றாகும் வேகம்தான் அந்தச் சிறையின் சுவர். ஆறு மீட்டர் படகுக்கு அது மணிக்கு ஏறத்தாழ 11 கி.மீ. மாதிரிப் படகுகளை இழுத்துப் பார்த்து இந்த அலைத்தடையை அளந்தவர் ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட். 1870-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் பண உதவியோடு டார்கீ நகரில் அவர் கட்டிய நீள்தொட்டியே இன்றைய கப்பல் சோதனைக் கூடங்களுக்கெல்லாம் முன்னோடி. அந்தச் சுவரைத் தாண்டியதும் படகு நீரின் மேல் எழுந்து சறுக்கத் தொடங்கும். புதியவர்கள் இரண்டுக்கும் நடுவே நின்றுகொள்கிறார்கள்: அணியம் வானத்தைப் பார்க்க, முன்னே எதுவும் தெரியாமல், எரிபொருளை வாரி இறைத்து, பின்னால் மிகப் பெரிய அலையைக் கிளப்பியபடி. அந்த அலை பக்கத்துச் சிறு படகைத் தூக்கிப் போடும். திடீரென்று விசையைக் குறைத்தால், பின்தொடரும் சொந்த அலையே அமரத்தின் மேல் ஏறி உள்ளே கொட்டும். ஒன்று மெதுவாகப் போக வேண்டும், அல்லது தயங்காமல் எழுந்து சறுக்க வேண்டும். இடைநிலை யாருக்கும் பயனில்லை.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே எஞ்சின் வைத்த படகுகளில் அது அடியில் இறங்கித் தேங்கும். அங்கிருக்கும் விசிறியைக் குறைந்தது நான்கு நிமிடம் ஓடவிட்டு, மோந்து பார்த்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு எதிர்பாராததற்கு என்று வைத்துக்கொள்வது வழக்கம்.

2023-இல் அமெரிக்காவில் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் 564 பேர் இறந்தார்கள். இறப்புக்கான காரணம் தெரிந்தவர்களில் நான்கில் மூன்று பேர் நீரில் மூழ்கியவர்கள். அப்படி மூழ்கியவர்களில், மிதவைச் சட்டை விவரம் தெரிந்தவர்களுள் 87 விழுக்காட்டினர் அதை அணியவில்லை. சட்டை பெரும்பாலும் படகில் இருந்திருக்கும், இருக்கைக்கு அடியில். தூக்கி எறியப்பட்ட பிறகு அதை எடுத்து மாட்ட எவராலும் முடியாது. ஓட்டுநரின் பயிற்சி விவரம் தெரிந்த சாவுகளிலும் நான்கில் மூன்று, எந்தப் பாதுகாப்புப் பயிற்சியும் பெறாதவர் ஓட்டிய படகுகளில் நேர்ந்தவை.

நீண்ட வார இறுதியில் நண்பர்களோடு ஏரிக்குப் போய்ப் படகை வாடகைக்கு எடுக்கும் பழக்கம் இப்போது அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களிடமும் பரவியிருக்கிறது. வாடகைக் கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிப்பதைப் பயிற்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் அரை மணி நேரத்தை ஊர்சுற்றலுக்குக் கொடுக்காமல், ஆளில்லாத திறந்த நீருக்குப் போய், உபரி மிதவைச் சட்டை ஒன்றை நீரில் போட்டு, அதைத் துறையாக நினைத்துக்கொண்டு, காற்றை எதிர்த்து வந்து அதன் பக்கத்தில் படகை நிறுத்திப் பாருங்கள். முதல் சில முறை தவறும். தவறினாலும் அங்கே இடிபட எதுவும் இல்லை.